நான் வைத்த முத்திரை

என் மகனுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். பால் எதுவும் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று நாளாக உன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பேச ஆரம்பித்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, மைசூரில் மழையா என்று கேட்டு முடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. "மம்மி, எங்க காலேஜ்ல ஒரு பையன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல நிறைய பக்கத்த நெட்ல இருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கான். அடுத்த வாரம் வியாழக்கிழம கமிட்டி. நான் வேலைல சேந்து ஆறு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள என்னையும் அதுல போட்டுட்டாங்க. எனக்கு இந்த மாதிரி பசங்களக் கண்டாலே ஆகாது. நீங்க இத்தன வருஷம் இதே வேலைய பாத்தவங்க. என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்றாய். உன் குரலில் ஒரு உறுதி இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் இருந்த அதே உறுதி. அந்த உறுதியைக் கேட்டுத்தான் பால் பொங்குகிறது என்று சொன்னேன். நான் சொல்லப்போவதை நீ கடைசிவரை படிக்க வேண்டும். பாதியில் கோபம் வந்தாலும் படி. எனக்கே பாதி விஷயம் இன்னும் விளங்கவில்லை. விளங்காததை விளங்காதபடியே எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால், கல்லூரி நூலகத்தில் இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த நூலகத்துக்குள் நான் என்னவாக இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தொண்ணூற்றொன்றில் சேர்ந்தபோது தெரிந்திருந்தது. என் கையில் ஒரு சாவிக் கொத்து. சுவரோரம் மர இழுப்பறைகள், அவற்றில் ஆசிரியர் பெயர் வரிசையில் அட்டைகள். பையன்களும் பெண்களும் கவுண்டருக்கு வந்து துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அட்டெண்டர் முனிராஜு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வருவார். பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் நான் தேதி முத்திரை குத்துவேன். பதினைந்து நாளில் திரும்பி வரும். வராவிட்டால் ஆளனுப்புவேன். புத்தகம் என்னுடையது, கொடுப்பவள் நான், திரும்பக் கேட்பவளும் நான். அவ்வளவுதான் வேலை. மாலை ஐந்தரைக்குப் பூட்டிவிட்டு விவேக் நகர் பஸ்ஸைப் பிடிக்கும்போது, மனதில் ஒரு சின்ன சந்தேகம்கூட இருக்காது.

அப்போது உனக்குப் பதினொரு வயது. பள்ளி விட்டதும் நேராக நூலகத்துக்கு வந்துவிடுவாய். வீட்டில் யாரும் இல்லை, டாடிக்கு இரண்டாவது ஷிப்ட். ஒரு நாள் எரிமலையைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள் என்று வந்து நின்றாய். நான்தான் பெரிய கலைக்களஞ்சியத்தை எடுத்துக் கொடுத்து, மேசையின் ஓரத்தில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தேன். நீ ஒரு வார்த்தை விடாமல் அந்தப் பக்கத்தை அப்படியே எழுதினாய். உன் வயதுக்கு உச்சரிக்கவே வராத சொற்கள். நான் அதற்குப் பழுப்புத் தாள் அட்டை போட்டு, லேபிளில் உன் பெயரை என் கையெழுத்தில் எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டிருந்தார். அதைக் கொண்டுவந்து காட்டியபோது, கவுண்டரில் நின்றிருந்த லெக்சரர்களிடமெல்லாம் காட்டினேன். என் பையன் இந்த வயதிலேயே கலைக்களஞ்சியம் பார்த்து எழுதுகிறான் என்று. அதில் உன்னுடையது எது என்று நானும் கேட்கவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. இதை இப்போது நினைத்துப் பார்ப்பது எதையோ நியாயப்படுத்தவா, இல்லை உண்மையிலேயே அங்கேதான் ஆரம்பித்ததா, எனக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லாம் மாறியது உனக்கும் தெரியும். முதலில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் கண்ணாடி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நானும் முனிராஜுவும் ஒன்றரை வருடம் உட்கார்ந்து அட்டைகளில் இருந்ததையெல்லாம் அதற்குள் ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் இழுப்பறைகளை எடுத்துப் பின்பக்கம் போட்டார்கள். அடுத்து, அலமாரிகளைத் திறந்துவிட்டு மாணவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அடுத்து நெட் வந்தது. ஒரு நாள் காலையில் போனால் 'நூலகம்' என்ற பலகை இல்லை. 'அறிவு வள மையம்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் புதுப் பலகை. என் பதவியும் தகவல் அலுவலர் என்று மாறிவிட்டதாகக் கடிதம் வந்தது. நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு முனிராஜு தன் கன்னடம் கலந்த தமிழில், "சும்னே நின்னு யோசன பண்ணாதீங்க மேடம். உள்ள அதே ஃபேன், அதே டேபிள்தான்" என்றார். டாடியிடம் சொன்னபோது அவர் வேறு மாதிரி சொன்னார். "எங்க ஃபேக்டரில மெஷின் மாறினா ஆபரேட்டருக்கு ட்ரெய்னிங் குடுப்பாங்க. உனக்கு யாரு குடுத்தா?" யாரும் கொடுக்கவில்லை. இருந்தும் நான் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது, மறைக்கவில்லை.

அந்தக் கர்வத்தின் உச்சம், நீ எங்கள் கல்லூரியிலேயே எம்.சி.ஏ. சேர்ந்த வருடம் உங்கள் வகுப்புக்கு நான் எடுத்த பாடம். நூலகர் வகுப்பெடுப்பது அதுவரை கேள்விப்படாத விஷயம். நெட்டில் கட்டுரைகளை எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படி ஃப்ளாப்பியில் எடுத்துக்கொள்வது என்று பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். இந்தப் பத்தி வேண்டுமா, இப்படித் தேர்ந்தெடு, இந்த இரண்டு பொத்தானை அழுத்து, உன் பக்கத்துக்குப் போ, இந்த இரண்டை அழுத்து, வந்துவிட்டது. கை தட்டினார்கள். நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ என்னைப் பற்றி ஏதோ சொல்ல, "எங்க மம்மிடா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அன்று நான் பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எடுத்ததை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டும், இன்னொருவர் வரி என்றால் குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று அந்த வகுப்பில் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பேராசிரியர்கள் சொல்ல வேண்டியது என்று நினைத்தேன். அவர்கள் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடைசி செமஸ்டரில் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். பழைய முதல்வர், ஓய்வு பெற்றுப் போய்விட்டாரே, அவர். ப்ராஜெக்ட் அறிக்கைகளில் காப்பி அதிகமாகிவிட்டது, இனி ஒவ்வொன்றும் வள மையத்தில் சோதிக்கப்பட்டு உங்கள் முத்திரையோடுதான் துறைக்கு வர வேண்டும் என்றார். எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். நீங்கள்தானே தகவல் அலுவலர் என்றார். அதற்கென்று மென்பொருள் எதுவும் அப்போது எங்களிடம் இல்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். படித்துக்கொண்டே போவேன். பையனின் ஆங்கிலம் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால், அல்லது நம் ஊர் எழுத்துக்கூட்டல் போய் அமெரிக்க எழுத்துக்கூட்டல் வந்தால், அந்த வரியை எடுத்து நெட்டில் தேடுவேன். மாட்டிக்கொள்ளும். அன்றுவரை பையன்களுக்கு எதையாவது தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. அன்றிலிருந்து பையன்களையே தேடிப் பிடிப்பதும் வேலையானது. இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன்.

அறிக்கைகள் பெயர் வரிசையில் வந்தன. உன் பெயர் முன்னாலேயே வந்துவிட்டது. என் மகனுடையதை நான் சோதிக்கக் கூடாது, வேறு யாராவது பார்க்கட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றியது. ஆனால் வேறு யார்? முனிராஜுவா? சரி, நம் பையன்தானே, இதில் என்ன இருக்கப்போகிறது என்று எடுத்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் நான்கு பக்கங்கள். நெட்டில் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. உன் ஆங்கிலம் எனக்குத் தெரியாதா? எட்டாம் வகுப்பிலிருந்து நீ ஒரே இடத்தில் ஒரே பிழையைத்தான் செய்வாய். அந்த நான்கு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. இருந்தும் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டில் யாரோ ஒரு மாணவர் எழுதிய ஆய்வு. வரிக்கு வரி அதே. இது உனக்குத் தெரிந்து நடந்ததா, அவசரத்தில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றி எழுதலாம் என்று நினைத்து மறந்ததா, உன் நண்பன் யாராவது கொடுத்ததா? அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

அன்று முழுவதும் அந்த அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இது புதுக்காலம், இதையெல்லாம் திருட்டு என்று யார் சொன்னது, எல்லோரும்தான் செய்கிறார்கள், என் வேலை புத்தகம் பார்த்துக்கொள்வது, போலீஸ் வேலை இல்லை என்று எனக்கு நானே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். எல்லாமே அந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் இருந்தன. மாலையில் எடுத்து, முதல் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டேன். மற்ற நாள்களில் தேதி முத்திரை குத்துவது போலத்தான் குத்தினேன். அதுதான் இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால், ஒரு தாய் செய்த தப்பு என்று நானே என்னை மன்னித்திருப்பேனோ என்னவோ. முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து முதல்வர் மறுபடியும் கூப்பிட்டார். பாதி அறிக்கைகள் போயிருந்தன. எல்லாவற்றிலும் முத்திரை. ஒன்றுகூடவா மாட்டவில்லை என்று கேட்டார். கம்ப்யூட்டர் துறையே இதைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள், அப்படியென்றால் வள மையத்துக்குத் தனியாக ஒரு அலுவலர் எதற்கு என்று நிர்வாகக் கமிட்டியில் பேச்சு வருகிறது என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். உன்னுடையதை விட்டதால் மற்றவர்களுடையதையும் நான் விட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு விதத்தில் நேர்மை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அறைக்குத் திரும்பி, குவியலில் மேலே இருந்ததை எடுத்தேன். மஞ்சுளாவுடையது. உன் வகுப்புப் பெண், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியாக, எப்போதும் முதல் பெஞ்சில். இரண்டு பக்கங்கள் மாட்டின. உன்னுடையது நான்கு. அவளுடையது இரண்டு. அதைக் குறித்து எழுதி, அச்சடித்த ஆதாரத்தோடு முதல்வரிடம் கொடுத்தேன். "வெரி குட் மேடம், இதுதான் நாங்க எதிர்பார்த்தது" என்றார்.

விசாரணைக் கமிட்டியில் என்னையும் உட்காரவைத்தார்கள். மஞ்சுளா அழவில்லை. துறைத்தலைவர், இப்படி எடுத்துப்போட உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "மேடம் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க சார்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. உன்னை எடுத்த அதே கம்பெனி அவளையும் எடுத்திருந்தது. சான்றிதழ் இல்லாததால் அவளுடைய ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நீ வேலையில் சேர்ந்த அன்று, மஞ்சுளா பாவம் மம்மி, காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டா என்று சொன்னாய். நான் உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலரை இன்னொரு தடவை தேய்த்தேன்.

ஒரு மாதம் அவள் கல்லூரிப் பக்கமே வரவில்லை. பதிவேட்டில் முகவரி பார்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பொம்மனஹள்ளிக்குப் போனேன். டாடியிடம் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரே அறை வீடு. அவளுடைய அம்மா கார்மென்ட்ஸில் தைப்பவர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "மேடமே வூடு தேடி வந்துகிறாங்க பாரு. இனிமே உனக்கு இன்னா கவல?" என்று மகளிடம் சொன்னார். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவருக்கு மகள் சொல்லவில்லை. அவர் காப்பி போட உள்ளே போன நேரத்தில் மஞ்சுளா கேட்டாள். "தப்புதான் மேடம். இல்லன்னு சொல்லல. ஆனா எது தப்புன்னு எனக்கு இன்னும் புரியல. சின்ன வயசுல இருந்து புக்கப் பாத்து அப்படியே எழுதினாதான் மார்க் போட்டாங்க. ஒரு வார்த்த மாறினா மார்க்கக் கொறச்சாங்க. இப்ப மாத்தாம எழுதினா திருட்டுன்றாங்க. எப்ப மேடம் மாறிச்சு இது? யார் வந்து சொன்னாங்க?"

சனிக்கிழமை மதியம் நூலகத்துக்கு வா, நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வந்தாள். மீதி ஐந்து மாதமும் வந்தாள். எடுப்பது எப்படி, எடுத்ததைச் சொல்வது எப்படி, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துத் தன் வார்த்தையில் எழுதுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே நானும் கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடத்தில் நான் செய்த வேலையிலேயே உருப்படியானது அந்தச் சனிக்கிழமைகள்தான். இதற்கு எந்தப் பலகையிலும் பெயர் இல்லை. ஆனால் அதுவும் ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து செய்ததுதான். இரண்டாவது சனிக்கிழமை அவள் கையில் ஒரு பைண்டு செய்த அறிக்கையோடு வந்தாள். "ஹெச்.ஓ.டி. சார் இத மாடலா வெச்சுக்கிட்டு எழுதச் சொன்னார் மேடம். உங்க பையனோடது" என்றாள். முதல் பக்கத்தில் என் முத்திரை. அதை வைத்துக்கொண்டுதான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். மூன்றாவது அத்தியாயம் வந்ததும், இது நமக்கு வேண்டாம் என்று சேர்த்துப் புரட்டித் தள்ளினேன்.

அவள் எழுதிக் கொடுத்தாள், தேறினாள். ஓசூர் ரோட்டில் சின்னதாக ஒரு கம்பெனியில் சேர்ந்து, இப்போது அங்கேயே நல்ல நிலையில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு போன் செய்வாள். நீ செவ்வாய்க்கிழமை பேசியதிலிருந்து எனக்கு அவள் நினைவாகவே இருந்தது. உனக்கு எழுதுமுன் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. அதற்கும் முன்னால் டாடியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்தார். "இப்ப எதுக்கு இதெல்லாம்? அவன் செட்டிலாயிட்டான். அந்தப் பொண்ணும் செட்டிலாயிடுச்சு" என்றார். திரும்ப வந்து உட்கார்ந்ததும், "அஞ்சு வருஷம் என்கிட்டகூட சொல்லலையே நீ" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று வியாழக்கிழமை. தெருவெல்லாம் சர்ச்சுக்கு நவநாள் செபத்துக்கு வந்த கூட்டம். மத்தியான இடைவேளையில் கல்லூரி மரத்தடியில் நின்று மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். உன் நான்கு பக்கத்தையும், என் முத்திரையையும், அவளுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்த காரணத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் முடித்ததும், "எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது சனிக்கிழமையே தெரியும். சந்தேகம் வந்தா ஒரு வரிய எடுத்து நெட்ல போட்டுப் பாருன்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. வூட்டுக்குப் போற வழில பிரௌசிங் சென்டர்ல போட்டுப் பாத்தேன். கைல உங்க பையன் ரிப்போர்ட்தான் இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கத்த மட்டும் வேகமாத் தள்ளுனீங்க."

"அப்பவே ஏன்மா சொல்லல?"

"யார்கிட்ட மேடம் சொல்றது? அந்த மாதிரி விஷயத்தக் கொண்டுவந்து குடுக்கற எடமே நீங்கதான்."

அவளே தொடர்ந்தாள். "அதுவுமில்லாம, சொன்னா சனிக்கிழம கிளாஸ் நின்னுடும். எனக்கு டிகிரி வேணும். கோவம் இருந்துச்சு மேடம், ரொம்ப நாள் இருந்துச்சு. உங்க பையன் மேல இல்ல. அவரு என்னை மாதிரிதான பண்ணாரு? உங்க மேலதான்."

"இப்போ?"

"இப்ப தெரியல. மீட்டிங் இருக்கு மேடம், அப்புறம் கூப்புடறேன்." இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போனாலும் அவளைத் தப்பு சொல்ல முடியாது.

மகனே, திங்கட்கிழமை புதிய முதல்வரைப் பார்த்து, நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். எழுதியும் வைத்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லாமல் என் பங்கை மட்டும் எப்படிச் சொல்வது என்று நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அது இன்னொரு பொய்யாகத்தான் வந்தது. அதனால் உன் பட்டத்துக்கு என்ன ஆகும், மைசூர் வேலைக்கு என்ன ஆகும், எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமல் சிரித்து அனுப்பிவிடலாம். பெரிதாகவும் ஆகலாம். உன் சம்மதத்தைக் கேட்டுவிட்டுச் செய்வதா, கேட்டால் உன் தலையில் பாரத்தை ஏற்றிவைப்பதாகுமா என்றும் குழம்பினேன். கடைசியில், நீ இதைப் படிக்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமை கிடைத்துவிடும். திட்ட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து திட்டு. டாடி இருப்பார், நானும் இருப்பேன். பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போக மாட்டேன்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கமிட்டியில் நீ உட்காருவதா, எழுந்து வந்துவிடுவதா, உட்கார்ந்தால் என்ன சொல்வது, இதெல்லாம் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அந்தப் பையனை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தண்டித்துவிடு என்று சொல்லவும் வாய் இல்லை. மஞ்சுளா வீட்டில் எனக்குக் கிடைக்காத பதில் உனக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? ஒன்று செய். வியாழக்கிழமைக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, எது உன்னுடையது, எது இன்னொருவருடையது என்று பிரித்துக் காட்ட இதுவரை யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று கேள். அவன் சொல்வதை முழுதாகக் கேள். கேட்டுவிட்டு எனக்கு போன் செய். அரை மணி நேரம் அவனைப் பற்றிப் பேசினாய், அவன் பெயரை நீ சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்.

மம்மி